மொறிஸ் கொப்பி

முதல் பக்கத்தில் என் எழுத்து:
கார், கோழி நீங்கலாக, இரண்டு லட்சத்துப் பத்து.
பின் சீற்றில் அடைகிடந்தது கோழி.
குஞ்சு பொரிக்கட்டும் என்றார் கனகசூரியர்.
இருபத்தொரு நாள்
காரை வாங்கியும் வாங்காமல் இருந்தோம்.

பிறகு லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறி
சுழிபுரத்திலிருந்து பாசையூர் வந்தது,
உமலும் எச்சமும் மணக்க.
கதவைத் திறந்தேன். உள்ளே அடித்தட்டு இல்லை;
நேரே எங்கள் வளவு, இரண்டு எறும்பு.
"காத்தோட்டம்" என்றார் றெமீஜியஸ்.

வெல்டிங்காரன் சொன்ன கூலியை
நான் எழுதவில்லை.
வள்ளம் ஒட்டுகிற மனிசனுக்கு
பைபர் பாயும் ரெசினும் எப்போதும் மிச்சம் இருக்கும்.
கடலைத் தாங்குற சாமான்
என்ர இடுப்பைத் தாங்காதோ என்றேன்.
மூன்று பாய் போட்டார்.
என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு
நாலாவதும்.
நாலு நாள் இருவருக்கும் உடம்பெல்லாம் கடி.

இறுகிப்போன பிஸ்டனுக்கு டீசல் ஊற்றிப்
பதினொரு நாள் காத்திருந்தோம்.
பன்னிரண்டாம் நாள் மரக்குத்தியால் ஒரு தட்டு.
டக்.
அந்தச் சத்தத்துக்குக் கொப்பியில் இடம் விட்டிருக்கிறேன்,
என்ன விலை போடுவதென்று தெரியாமல்.

காபரேற்றருக்குப் பக்கத்தில்
கம்பியால் கட்டிக் கிடந்தது ஒரு சேலைன் ரியூப்.
பெற்றோல் இல்லாத காலம்,
மண்ணெண்ணெயில் ஓடுகிற காருக்கு
முதல் இழுப்புக்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் கொடுத்த குழாய்.
எடுத்துவை என்பார் என நினைத்தேன்.
சுடுதண்ணியில் போட்டு இளக்கி
பிரேக்கில் காற்று எடுக்கப் பாவித்தார்.
நூற்றைம்பது ரூபா மிச்சம்.

கதவுக்கு மேலே கை நீட்டுகிற சிக்னல்.
இடது கை வரும், வலது கை வராது.
செம்மஞ்சள் சாயம் கலந்து ரெசினில்
ஒரு விரல் வார்த்துப் பூட்டினார்.
இப்போது வலது கை வரும்,
உள்ளே போகாது.

மொறிஸுக்கு உரிய நிறம் சாம்பல் பச்சையாம்.
ரொறன்ரோவிலிருந்து தம்பி படம் அனுப்பினான்,
விலையும் அனுப்பினான்.
படத்தை வைத்துக்கொண்டோம்.
வள்ளத்து நீலம் அரை வாளி கிடந்தது.
அடித்துக்கொண்டு வந்தோம், வந்தோம்,
இடது பின் மட்காட்டில் வாளி காலி.
அது இன்னும் சிவப்பு ஒக்சைட்.
ஆரும் கேட்டால், டிசைன்.

சீற்று என் தையல்.
பஸ் சீற்றுக்கு வெட்டின றெக்சினில் விழுந்த துண்டுகள்,
மெசினில் முறிந்த ஊசி ஆறு.
கூலி என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.
பிறகு பார்த்தால்
இவருடைய கோணல் எழுத்தில்: கடன்.

அந்தோனியார் கொடியேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம்
எஞ்சின் இருமியது, புகைத்தது, பிடித்தது.
முன்வீட்டு யூலியானா கொடியில் காய்ந்த உடுப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.
பின்கண்ணாடி இன்னும் பூட்டவில்லை;
அவளைப் பார்த்துக் கை காட்டினேன்.
வாசல் வரை உருண்டோம்.
நின்றோம்.

இவர் இறங்கினார்.
விரித்த கையால் படலையை அளந்தார்.
பிறகு காரை.
பிறகு என்னைப் பார்த்தார்.

கார் வந்தபோது எங்களுக்கு மதில் இல்லை, வேலிதான்.
காரை ஆரும் களவெடுப்பான் என்று பயந்து
போன மாசியில், கூலி மிச்சம் பிடித்து,
இவரே கல் அடுக்கிக் கட்டிய மதில்.
படலை நாலரை அடி.
மொறிஸ் இன்னும் ஏழு அங்குலம்.

களவு போகாது. அது நிச்சயம்.

சிரித்து முடிய எனக்கு நேரமெடுத்தது.
பிறகு போய் அலவாங்கை எடுத்து வந்தேன்.
முதல் குத்து என்னுடையது.

கடற்கரை வீதியில் போனோம்,
வலது கை நீட்டியபடியே,
திரும்பாத திருப்பங்களுக்கெல்லாம் சிக்னல் காட்டிக்கொண்டு.
பின்னால் வந்த ஓட்டோக்காரன்
எங்களை நம்பி, நம்பி, களைத்துப் போனான்.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
மதில் உடைத்தது: ஒன்பது கல்.
திரும்பக் கட்ட: பிறகு.
கடைசித் தாள் ஒன்று மிச்சம் இருந்தது.
பெற்றோல் என்று தலைப்புப் போட்டேன்,
கீழே ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டேன்.